கீழே எப்படி நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஊர் சுற்றும்போது எடுத்த கட்டடப் படங்களை வைத்துக்கொண்டு வரைவது, வடிவமைப்பது எப்படி என்று. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். லீவுக்குப் போய்ப் பத்து நாள் தங்கினேன். லிட்டில் இந்தியா, சைனாடவுன், வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புகள் என்று ஆயிரத்து எண்ணூறு படம் எடுத்தேன். இப்போது கல்லூரி புராஜெக்டுக்கு ஒரு பழைய கடைவீட்டின் (கீழே கடை, மேலே வீடு) முகப்பை வரைய உட்கார்ந்தால் ஒரு படமும் உதவவில்லை. எல்லாம் அழகாக இருக்கின்றன, ஆனால் வரைய முடியவில்லை. எங்கே தப்பு செய்தேன்?
– இன்டீரியர் டிசைன் மாணவி, கோயம்புத்தூர்

தப்பு என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பார்ப்பதற்கு எடுத்திருக்கிறீர்கள், வரைவதற்கு எடுக்கவில்லை. தெருமுனையில் நின்று, நல்ல வெயிலில், வானமும் கொஞ்சம் வருகிற மாதிரி எடுத்த படம் பார்ப்பவருக்குப் போதும். வரைய உட்காரும் கை கேட்பது வேறு. இந்தத் தூண் எவ்வளவு தடிமன், இந்தச் சன்னல் கதவு எந்தப் பக்கம் மடிகிறது, மாடியின் தரை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது?

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு வெல்டிங் பட்டறைக்காரர். பல வருடம் முன்பு பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மாடிப்படியின் இரும்புக் கைப்பிடி என் மனதைப் பிடித்துக்கொண்டது. ஏழெட்டுப் படம் எடுத்து வந்து, நான் வடிவமைத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அதே மாதிரி செய்யலாம் என்று பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் போனை வாங்கி, படத்தைக் கையால் பெரிதாக்கி, கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். "மேல எல்லாம் நல்லா இருக்கு சார், கீழ எப்படி நிக்குது? படியில துளை போட்டு எறக்கியிருக்காங்களா, பக்கவாட்டுல தகடு வெச்சு போல்ட்டு போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். ஏழெட்டுப் படத்திலும் கைப்பிடியின் அடி இல்லை. எல்லாவற்றையும் படிக்கு ஒரு சாண் மேலேயே வெட்டி எடுத்திருந்தேன். அன்றிலிருந்து எந்த ஊரில் எதை எடுத்தாலும் முதல் படம் அது தரையைத் தொடும் இடம்தான்.

கடைவீட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் உயிர் முகப்பில் இருக்கும் பூவேலையில் இல்லை, முன்னால் ஓடும் அந்த மூடிய நடைபாதையில் இருக்கிறது. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822இல் போட்ட நகரத் திட்டத்தில், ஒவ்வொரு வீட்டுக்காரரும் வீட்டின் முன்னால் கூரையோடு கூடிய நடைவழி விட வேண்டும், அது தெரு முழுக்கத் தொடர்ச்சியாக ஓட வேண்டும் என்று வைத்தார்கள். ஐந்தடி வழி என்று பெயர். அங்கே குனிந்து பாருங்கள். சாலை ஓரத்தில் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்ட ஒரு கல், அப்புறம் படி, அப்புறம் பூ ஓடு பதித்த தரை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் தரையைத் தன் இஷ்டத்துக்குப் போட்டிருப்பதால் அடுத்த கடைக்குப் போகும்போது அரை அடி ஏறவோ இறங்கவோ வேண்டியிருக்கும். அந்த அரை அடி வித்தியாசத்தை வரைந்தால்தான் தெரு தெருவாகத் தெரியும். ஒரே மட்டமாக வரைந்தீர்கள் என்றால் எவ்வளவு நன்றாக வண்ணம் தீட்டினாலும் அட்டையில் செய்த பொம்மை வீடு மாதிரிதான் நிற்கும். பிறகு அங்கேயே நின்று அண்ணாந்து ஒரு படம். தலைக்கு மேல் மரச்சட்டங்கள் இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவருக்கு ஓடுவது தெரியும். கடைவீடுகள் ஏன் அவ்வளவு ஒடுங்கலாக, உள்ளே நீண்டு போகின்றன என்பதற்குப் பதிலில் பாதி அந்தச் சட்டத்தின் நீளத்தில் இருக்கிறது.

ஆக, இருபது கட்டடத்துக்கு ஒவ்வொரு படம் எடுப்பதைவிட ஒரு கட்டடத்துக்கு இருபது படம் எடுங்கள். எதிர்ச்சாரியில் நின்று முழு முகப்பும் நேராக ஒன்று, மூலையிலிருந்து ஆழம் தெரிய ஒன்று, அடி, தலைக்கு மேல், இரண்டு பொருள் சேரும் இடங்கள் (மரம் சுவரோடு, இரும்பு கல்லோடு, கூரை சுவரோடு), கதவு திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும். இப்படி எடுத்த படங்களை உங்கள் சினேகிதிகளுக்குக் காட்டினால் ஒருத்தரும் ரசிக்க மாட்டார்கள், பரவாயில்லை.

இருக்கிற ஆயிரத்து எண்ணூறையும் அழித்துவிடாதீர்கள். ஒரே வீடு மூன்று நான்கு படத்தில் வெவ்வேறு கோணத்தில் தற்செயலாக விழுந்திருக்கும், அதைத் தேடுங்கள். உங்கள் அக்கா அங்கேதானே இருக்கிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்த் தூணின் அடியையும் வாய்க்காலையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்ற இடங்களைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். கடைவீட்டைப் பழுதுபார்க்கும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று நகரச் சீரமைப்பு ஆணையம் வரைபடங்களோடு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. உங்கள் படத்தையும் அந்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், படத்தில் வெறும் நிழலாக இருந்ததெல்லாம் பெயரோடு எழுந்து வரும்.

நாற்பது வருடம் ஓவியம் கற்றுக்கொடுத்தவன். நேரில் உட்கார்ந்து பார்த்து வரைவதுதான் வரைவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். இப்போது எல்லாரும் போனில் எடுத்து அதைப் பார்த்து வரைகிறார்கள். இது காப்பியடிப்பது ஆகாதா?
– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, நேரில் உட்கார்ந்து வரைவதற்கு ஈடு கிடையாது, அதில் உங்களோடு எனக்கு வாதமே இல்லை. ஆனால் படம் பார்த்து வரைவது போன் வந்தபிறகு வந்த பழக்கம் இல்லை. பாரிஸில் ஏழென் அத்ஜே என்று ஒருவர் இருந்தார், 1857இல் பிறந்து 1927இல் இறந்தவர். அவர் வீட்டு வாசலில் தொங்கிய பலகையில் இருந்தது 'கலைஞர்களுக்கான ஆவணங்கள்' என்ற வாசகம்தான். ஓவியர்களுக்கும் மேடை அலங்காரக்காரர்களுக்கும் இரும்பு வேலைக்காரர்களுக்கும் பார்த்து வரைய, பார்த்துச் செய்யப் படம் எடுத்து விற்பதுதான் அவர் பிழைப்பு. கனமான மரக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு விடியற்காலையில் போய், கதவு தட்டும் வளையம், பால்கனிக் கிராதி, மாடிப்படி திரும்பும் இடம், கடைப் பலகை என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார். அவர் படமெடுத்த பல இடங்கள் பிற்பாடு இடிந்து போயின. வேலைக்கான குறிப்பாக எடுத்தவை இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

காப்பி என்பது எங்கே வருகிறதென்றால், படத்தில் தெரியாததை வரைபவர் தெரிந்துகொள்ளாமலே கோட்டை மட்டும் இழுக்கும்போது. உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்துப் பாருங்கள். படத்தைப் பத்து நிமிடம் பார்க்கட்டும், பிறகு போனை மூடிவிட்டு அதே கட்டடத்தைப் பக்கவாட்டிலிருந்து வரையட்டும். புரிந்தவர் வரைந்துவிடுவார். புரியாதவருக்கு எங்கே புரியவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும், அதுவே பாதிப் பாடம். நான் வெளியூர் போனால் ஓர் இடத்துக்கு ஒரு கோட்டுப்படமாவது நின்று போடுகிறேன், ஐந்து நிமிடம் போதும், அசிங்கமாக இருந்தாலும் சரி. அதைப் போட்டபிறகு எதைப் படம் எடுக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

படத்திலிருந்து அளவு எடுக்க முடியுமா? டேப் வைத்து அளக்க விடாத இடங்களில் என்ன செய்வது?
– சிவில் டிப்ளமோ மாணவர், திண்டுக்கல்

முடியும், படம் எடுக்கும்போதே அதற்கு ஏற்பாடு செய்திருந்தால். அளவு தெரிந்த ஒரு பொருள் படத்துக்குள், அதுவும் அளக்க வேண்டிய பரப்பிலேயே ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். ஓர் அடி முன்னால் நீட்டிப் பிடித்தால்கூட அளவு பிசகும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் விட்டம். மெட்ரோ கார்டு, ஏடிஎம் கார்டு எல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவு, 85.6க்கு 54 மில்லிமீட்டர். (ஏடிஎம் கார்டை வைத்து எடுக்காதீர்கள், நம்பர் படத்தில் விழும். மெட்ரோ கார்டு போதும்.) ஏ4 தாள் 297க்கு 210.

உயரத்துக்குச் செங்கல் வரியைப்போல் நம்பகமான அளவுகோல் இல்லை. பூசாத சுவர் என்றால் கை எட்டும் உயரத்தில் பத்து வரியை மட்டும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், சாந்தோடு சேர்த்து. பிறகு படத்தில் மேலே வரைக்கும் வரியை எண்ணினால் போதும், மூன்று மாடி உயரமும் கிடைத்துவிடும். பூசின சுவர் என்றால் படிக்கட்டை எண்ணுங்கள், ஒரு படி உயரத்தை உங்கள் விரலாலாவது அளந்திருங்கள். உங்கள் சாண் எத்தனை சென்டிமீட்டர், நடை எத்தனை அடி என்று ஒருமுறை அளந்து மனதில் வைத்துக்கொள்வது வாழ்நாளுக்கும் உதவும். என் சாண் 22.

லென்ஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று. கட்டடத்துக்குக் கிட்டே நின்று போனை மேலே சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் எல்லாம் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும், அதில் அளவு எடுக்க முடியாது. எவ்வளவு தூரம் பின்னால் போக முடியுமோ போய், இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஜூம் வைத்து, போனைச் சாய்க்காமல் எடுங்கள். எதிர்க் கட்டடத்தின் முதல் மாடி கிடைத்தால் இன்னும் நல்லது. அகலக் கோண லென்ஸை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

ஐரோப்பா டூர் போய்வந்த ஒரு வாடிக்கையாளர் ஆம்ஸ்டர்டாம் கால்வாய் ஓர வீடுகளின் படத்தைக் காட்டி, எலிவேஷன் (முன்பக்கத் தோற்றம்) இதே மாதிரி வேண்டும் என்கிறார். இருபது அடி அகல மனை. சன்ஷேடு இல்லாத பெரிய பெரிய சன்னல், மேலே முக்கோண முகடு, அதில் ஒரு கட்டை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறதே, அதுவும் வேண்டுமாம். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
– கட்டடப் பொறியாளர், திருச்சி

முதலில் அந்தக் கட்டை என்ன என்று அவருக்குச் சொல்லுங்கள். அதன் நுனியில் ஒரு கொக்கி இருக்கும், பெரிதாக்கிப் பார்த்தால் அவர் படத்திலேயே தெரியலாம். அந்த வீடுகளில் மாடிப்படி மிகவும் ஒடுங்கல், செங்குத்து. பீரோவை அதில் ஏற்ற முடியாது. வியாபாரிகள் சரக்கையும் சாமானையும் அந்தக் கொக்கியில் கப்பி மாட்டி, கயிற்றில் கட்டி இழுத்து, சன்னல் வழியாக உள்ளே எடுத்தார்கள், இன்றைக்கும் வீடு மாற்றும்போது அப்படிச் செய்கிறார்கள். பல வீடுகளின் முகப்பு தெருப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதுகூட, மேலே ஏறும் மூட்டை சுவரிலும் சன்னலிலும் இடிக்காமல் இருக்கத்தான். உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் நான்கடி அகலப் படி வைக்கப்போகிறீர்கள். கட்டைக்கு அங்கே வேலை இல்லை.

சன்னலுக்கு வெயில் கணக்கைச் சொல்லுங்கள், அது எந்த வாதத்தையும்விட நன்றாக எடுபடும். ஆம்ஸ்டர்டாமில் டிசம்பர் நடுவில் உச்சிப்பொழுதிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 14 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். இருக்கிற வெளிச்சம் முழுவதையும் உள்ளே இழுக்கத்தான் அவ்வளவு பெரிய சன்னல், அதனால்தான் மேலே மறைப்பும் இல்லை. அதே நாளில் திருச்சியில் 56 டிகிரி. நமக்குச் சூரியன் சித்திரையில் ஒருமுறை, ஆவணி வாக்கில் ஒருமுறை நேர் உச்சிக்கு வந்து, நடுவில் உள்ள மாதங்களில் வடக்குப் பக்கமாக நின்று அடிக்கிறது. வடக்குச் சுவரில் வெயில் வராது என்று ஐரோப்பியப் படத்தைப் பார்த்துச் சன்னல் வைத்தவர்கள் ஆனி மாதம் அந்த அறையில் உட்கார முடியாமல் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு ஐப்பசி மழை காற்றோடு சாய்வாக அடிக்கும். சன்ஷேடு இல்லாவிட்டால் முதல் வருடமே சன்னலுக்குக் கீழே ஓதம் ஏறும்.

படம் திசையைச் சொல்வதில்லை, மாதத்தைச் சொல்வதில்லை, அந்த ஊர் மழையைச் சொல்வதில்லை. அதனால்தான் நான் படம் எடுக்கும் இடத்தில் போனிலேயே திசைகாட்டியைத் திறந்து, சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு வரி எழுதி வைப்பேன்.

வெறும் படத்தைப் பார்த்து வடிவமைக்கிற ஆசை பெரிய ஆட்களையும் விட்டதில்லை. 1913இல் ஜெர்மனியில் வால்ட்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் ஒரு கட்டுரை எழுதினார், கூடவே அமெரிக்கத் தானியக் கிடங்குகளின் படங்களைப் போட்டார். ராட்சதக் கான்கிரீட் உருளைகள் வரிசையாக நிற்கும் கிடங்குகள். அவர் அவற்றை நேரில் பார்த்ததே இல்லை. அந்தப் படங்கள் கைமாறி லெ கொர்பூசியே என்ற இன்னொரு கட்டடக் கலைஞரிடம் போயின, அவரும் நேரில் பார்த்தவர் இல்லை. 1923இல் வந்த தன் புத்தகத்தில் போடும்போது புவெனஸ் ஐரிஸில் இருந்த ஒரு கிடங்கின் உச்சியில் இருந்த முக்கோண முகப்புகளை வண்ணம் பூசி அழித்துவிட்டார். சுத்தமான வடிவம்தான் நவீனக் கட்டடக்கலை என்று அவர் சொல்ல வந்ததற்கு அந்த முக்கோணங்கள் இடைஞ்சல். அப்படித் திருத்திய படங்களைப் பார்த்து ஒரு தலைமுறையே வரையக் கற்றுக்கொண்டது.

ஆனால் அந்த உருளை அழகுக்காக உருளை ஆகவில்லை. உள்ளே கொட்டிய தானியம் எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். சதுரச் சுவர் என்றால் நடுவில் வளையும். வட்டச் சுவர் பீப்பாய்க்குப் போட்ட வளையம் மாதிரி அந்த அழுத்தத்தைச் சுற்றிலும் வாங்கிக்கொள்ளும். கான்கிரீட் ஊற்றும் பலகையை அவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிக்கொண்டே போய் ஊற்றுவதற்கும் வட்டம் தோது. எரிக் மெண்டல்சன் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் 1924இல் கேமராவோடு அமெரிக்கா போனார், பஃபலோ நகரத்துக் கிடங்குகளைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தார், அவருடைய படங்கள் 1926இல் புத்தகமாக வந்தன. அதில் பாலங்களும் குழாய்களும் ஒட்டுக் கட்டடங்களுமாகக் கிடங்கு வேலை செய்யும் கோலத்திலேயே இருக்கும். எனக்கு எப்போதும் மெண்டல்சன் கட்சிதான்.

நீங்கள் வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்று தொடங்க வேண்டாம். அவருக்கு அந்தப் படத்தில் பிடித்தது என்ன என்று கேளுங்கள். அநேகமாகச் செங்கல் நிறமும், ஒல்லியான உயரமும், வெள்ளைச் சட்டம் போட்ட சன்னல் வரிசையும்தான் இருக்கும். அவை மூன்றையும் இருபதடி மனையில் சன்ஷேடோடு தர முடியும். செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள், பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல் என்று கடல் கடந்து வந்ததெல்லாம் உள்ளே இருக்கிறது, ஆனால் நடுமுற்றத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறை அவரைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரம்தானே.

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து மொபைல் கேம் செய்கிறோம். பாரிமுனைப் பக்கத்துப் பழைய தெருவை முப்பரிமாணத்தில் கொண்டுவர ஆசை. சுவர்களைப் படம் எடுத்து ஒட்டினால் ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கிறது.
– மதுரை

வெயிலில் எடுத்திருப்பீர்கள். சுவரில் விழுந்த நிழல் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, உங்கள் கேமில் சூரியன் வேறு பக்கம் இருக்கும்போது அது பொய்யாகத் தெரியும். மேகம் மூடிய நாளில், இல்லாவிட்டால் தெருவில் வெயில் இறங்குவதற்கு முன்னால், சுவருக்கு நேர் எதிரே நின்று எடுங்கள். எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் போன் தானாக வெளிச்சத்தை மாற்றினால் சேராது. முழுக் கட்டடத்தையே மென்பொருளில் கொடுத்து முப்பரிமாணமாக்குவது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் முக்கால் பங்கு பொதுவாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று திரும்பித் திரும்பி எடுக்கக் கூடாது, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். கண்ணாடியும் பளபளப்பான ஓடும் எப்படி எடுத்தாலும் சொதப்பும், அவற்றைக் கையால் செய்துவிடுங்கள்.

அப்புறம் அழுக்கைக் கவனியுங்கள். பழைய சுவர் என்றால் எங்கு பார்த்தாலும் கறுப்பாக இருக்கும் என்று நினைத்துச் சகட்டுமேனிக்குப் பூசிவிடுகிறார்கள். சன்னல் அடிக்கட்டையின் இரண்டு ஓரத்திலிருந்தும் மழை வழிந்த கோடு இரண்டு மீசை மாதிரி இறங்கும், நடுவில் சுத்தமாக இருக்கும். தூம்பு இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழே பச்சைப் பாசி. ஆள் உயரத்துக்குக் கீழே சாய்ந்து நின்றவர்களின் முதுகுபட்ட எண்ணெய்ப் பளபளப்பு, அதற்கும் கீழே போஸ்டர் கிழித்த மிச்சம். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, காரணத்தோடு எடுத்து வையுங்கள்.

புதுச்சேரி வெள்ளை நகர வீடுகளை என் படங்களிலிருந்து கோட்டோவியமாக வரைந்து தபால் அட்டையாக விற்கிறேன். சட்டப்படி பிரச்சினை வருமா? பாரிஸ் போய் ஈஃபிள் கோபுரத்தை இரவில் எடுத்த படமும் இருக்கிறது, அதையும் அட்டையாகப் போடலாமா?
– புதுச்சேரி வாசகி

புதுச்சேரிக்குப் பயப்பட வேண்டாம். நம் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், ஒரு கட்டடத்தை வரைவதும் படம் எடுப்பதும் அதை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று தெளிவாகவே சொல்கிறது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளுக்கும் அப்படியே. வரைவதற்கு அனுமதி என்பதால் அதே கட்டடத்தை அப்படியே இன்னொரு இடத்தில் கட்டிவிடலாம் என்று ஆகாது. கட்டடத்தின் கலைத்தன்மைக்கும் வடிவத்துக்கும் பாதுகாப்பு உண்டு, கட்டும் முறைக்குத்தான் கிடையாது.

ஈஃபிள் விஷயம் வேறு. கோபுரத்தைக் கட்டிய ஈஃபிள் 1923இலேயே இறந்துவிட்டார், பகலில் எடுத்த படத்துக்குத் தடை இல்லை. இரவு விளக்கு அலங்காரம் பிற்பாடு வந்தது, அதைத் தனிப் படைப்பாகக் கருதி, வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும் என்கிறார்கள் கோபுரத்தை நடத்துபவர்கள். ஃபிரான்ஸில் 2016இல் வந்த தளர்வும் வணிகமில்லாத தனிநபர் உபயோகத்துக்கு மட்டும்தான். விற்கப்போகிறீர்கள் என்பதால் பகல் படத்தையே போடுங்கள். ஜெர்மனியில் பொதுத் தெருவில் நின்று எடுத்தால் சரி, எதிர் வீட்டு மாடியில் ஏறி எடுத்தால் ஆகாது என்று 2003இல் ஒரு தீர்ப்பே இருக்கிறது. நாட்டுக்கு நாடு மாறும், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது, இணையத்தில் கிடைத்த அடுத்தவர் படத்தின் மேல் தாளை வைத்துக் கோடு இழுத்து விற்பது. கட்டடத்தை வரைய உங்களுக்கு அனுமதி இருந்தாலும் அந்தப் படம் எடுத்தவருடையது. நீங்கள் உங்கள் படத்திலிருந்தே வரைகிறீர்கள், அதை விடாதீர்கள்.

ஒரு ரயில் மேம்பாலத்தின் இரும்புச் சட்டங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்து போனை வாங்கி எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். கோபமாக வருகிறது.
– சேலம்

வருத்தம் புரிகிறது, ஆனால் ரயில் பாலம், அணை, துறைமுகம், விமான நிலையம் இவற்றில் கேட்காமல் எடுக்காதீர்கள். அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், மாணவர் என்றால் கல்லூரிக் கடிதத்தோடு. வீடுகள் என்றால் வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். "அண்ணே, இந்தத் திண்ணைத் தூணை வரையணும்" என்றால் பாதிப்பேர் உள்ளே கூப்பிட்டு முற்றத்தையும் காட்டி, தாத்தா எந்த ஊர் மரத்தில் செய்தார் என்றும் சொல்வார்கள்.

படங்களை எப்படிச் சேமிப்பது? வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைத்துக்கொள்கிறேன்.
– திருநெல்வேலி

வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நாளும் இடமும் போய்விடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஊர் பெயரில் அடுக்காமல் பொருள் பெயரில் அடுக்குங்கள். படி, தூணடி, சன்னல், கைப்பிடி, தூம்பு. வரையும்போது உங்களுக்கு 'மலாக்கா' தேவைப்படாது, 'படி திரும்பும் இடம்' தேவைப்படும். அன்றன்றைக்கு ராத்திரியே தூங்குவதற்கு முன் பத்துப் படத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், ஒரு வாரம் போனால் மறந்துவிடும்.

வெளிநாடு போக வசதி இல்லை, சென்னைக்கே வருடத்துக்கு ஒருமுறைதான். எங்கள் ஊரில் எடுக்க என்ன இருக்கிறது?
– அருப்புக்கோட்டை, வயது 19

தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே தம்பி. ஜெர்மனியில் பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்று கணவன் மனைவி இருவர் 1959லிருந்து சேர்ந்து செய்த வேலை என்ன தெரியுமா? சுரங்க ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் போய், தண்ணீர்த் தொட்டி, உலை, குளிர்விக்கும் கோபுரம் என்று யாரும் திரும்பிப் பார்க்காததை எல்லாம் எடுத்தார்கள். எப்போதும் மேகம் மூடிய வானம், எப்போதும் நேர் எதிரே, தொட்டி படத்தில் எப்போதும் ஒரே அளவு. பிறகு ஒன்பதோ பன்னிரண்டோ படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்தார்கள். ஒரே வேலையைச் செய்யும் பொருள் எத்தனை விதமாக நிற்கலாம் என்பது அப்படி அடுக்கியபோதுதான் தெரிந்தது. 1990இல் வெனிஸ் கண்காட்சியில் அவர்களுக்குப் பரிசு கொடுத்தது சிற்பத்துக்கு.

உங்கள் ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் எத்தனை மேல்நிலைத் தொட்டி இருக்கும்! நான்கு கால், ஆறு கால், எட்டுக் கால், காலுக்கே பதிலாக ஒரே உருளை. கால்களை இடுப்பில் கட்டும் விட்டங்கள் ஒன்றில் இரண்டு அடுக்கு, இன்னொன்றில் மூன்று. ஏணி சிலவற்றில் நேராக ஏறும், சிலவற்றில் சுற்றிச் சுற்றி ஏறும். வயிற்றில் எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கும், காலில் சுத்தம் செய்த தேதியைச் சாக்பீஸிலோ பெயின்ட்டிலோ எழுதியிருப்பார்கள். கால் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை, அதன் ஓரத்தில் குழாயடி, குடங்கள் தேய்த்துத் தேய்த்துக் குழிந்துபோன ஒரு கல். ஐப்பசியில் மேகம் போடும் நாட்களாகப் பார்த்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஊருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு போதும், எல்லாவற்றையும் ஒரே தூரத்தில் நின்று எடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தக் குழாய் தண்ணீரை மேலே ஏற்றுகிறது, எது கீழே இறக்குகிறது, நிரம்பி வழியும் தண்ணீர் எது வழியாகப் போகிறது என்று பார்த்து எழுதி, காலடிப் படங்களோடு எனக்கு அனுப்புங்கள். தை மாத இதழில் போடுகிறேன்.